ஃபில்டர் இருந்த வீட்டில் மஞ்சள் காமாலை

என் பல்லைப் பார்த்தாலே பல் டாக்டர்களுக்கு என் ஊர் தெரிந்துவிடும். சென்னைக்கு வந்த புதிதில் ஒரு டாக்டரிடம் போய் வாயைத் திறந்தேன். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தவர், “தருமபுரியா, கிருஷ்ணகிரியாம்மா?” என்றார். தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடு, ஓரங்களில் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைத் திட்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்புக்கு அப்படித்தான் என்பதால், பத்தாவது முடிக்கும்வரை அது ஒரு குறை என்றே எனக்குத் தெரியாது. வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகுதான் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும் பழக்கம் வந்தது. என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூடப் பல் தெரியாது.

காரணம் எங்கள் தெரு அடிபம்பு. அதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீர்தான். கலங்கலாக வரும். பாட்டி பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசி, தண்ணீரை ஊற்றித் தெளியவைப்பாளாம். கிணற்றுத் தண்ணீரால் வாந்திபேதி வருகிறது என்றுதான் போர் போட்டு அடிபம்பு வைத்துக் கொடுத்தார்கள். பேதி குறைந்ததும் உண்மை. கண்ணாடி மாதிரித் தண்ணீர், உப்புக் கரிக்காது, கோடையிலும் வற்றாது. யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

எங்கள் பக்கம் மண்ணுக்குக் கீழே கருங்கல் பாறை. அந்தப் பாறையிலுள்ள சில தாதுக்களில் புளோரைடு இருக்கிறது. தண்ணீர் பாறை இடுக்கில் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்கு அது கரையும். பொதுவாக, ஆழமான போரில் வருவது நெடுங்காலம் தங்கின தண்ணீர். அதிலும் சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில் புளோரைடு கூடுதலாகக் கரைந்து நிற்கும். அதாவது சோப்பு நன்றாக நுரைக்கிற, நாக்குக்கு இதமான தண்ணீர்தான் சில இடங்களில் மோசமான தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரம், ஐஎஸ் 10500, லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரை ஏற்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5. எங்கள் தெரு போரில் பிற்பாடு நான் பரிசோதித்தபோது 2.8 இருந்தது.

இதில் ஒரு விசித்திரம். அம்மா சேலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவளுக்குப் பல் பளிச்சென்று இருக்கும். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை, குடித்த தண்ணீர்தான் பல்லில் கறையாக நிற்கும். பெரியவர்கள் வந்து குடித்தால் பல் மாறாது. ஆனால் எலும்பு விடாது. அறுபதைத் தாண்டியதும் அம்மாவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும். எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர், “வயசும் உண்டு, தண்ணியும் உண்டு” என்றார். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் இந்த எலும்பு நோயை ஷார்ட் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் பிறந்தது அதற்கு நாற்பது வருடத்துக்குப் பிறகு.

எங்கள் வீட்டில் செய்த ஒரே பாதுகாப்பு, தண்ணீரைக் காய்ச்சுவது. காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு ஆவியாகாது. ஒரு லிட்டரை முக்கால் லிட்டராக வற்றவிட்டால் 2.8 என்பது 3.7 ஆகிவிடும். அக்கறையாகக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தவள் அம்மாதான். இதை இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.

ஆக, சென்னைக்குக் குடிவந்ததும் நான் வாங்கின முதல் பெரிய பொருள், தண்ணீரில் கரைந்த உப்பையும் புளோரைடையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. ஃபில்டர். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு பிளாக், பதினாறு வீடுள்ள அபார்ட்மென்ட். விற்க வந்த பையன் ஒரு வித்தை காட்டினான். இரண்டு டம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெட்டியை இரண்டிலும் விட்டுக் கரண்டைப் போட்டான். ஒரே நிமிடத்தில் எங்கள் டம்ளர் சாக்கடை மாதிரி ஆனது, அவனுடையது அப்படியே இருந்தது. “பாத்தீங்களா மேடம், இதைத்தான் குடிக்கிறீங்க.” நான் பயந்து செக் எழுதிக் கொடுத்தேன். வெகுநாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் கரண்ட் பாயும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கரண்ட் அவ்வளவாகப் பாயாது. அவன் டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டிருந்தால் அதுவும் அதே நிறத்துக்கு வந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு அந்தப் பெட்டியோடு யாராவது வந்தால் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

அவன் காட்டின டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான். பொய் சொல்லாது, ஆனால் அது சொல்வது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மட்டும். 300 காட்டுகிற தண்ணீரில் புளோரைடு 3 இருக்கலாம், மீட்டருக்குத் தெரியாது. 150 காட்டுகிற தண்ணீரில் செப்டிக் டேங்க் கலந்திருக்கலாம், அதுவும் தெரியாது. ஆறு வருடம் அந்த மீட்டரில் 60, 70 என்று பார்த்துப் பார்த்து நிம்மதியாக இருந்தேன்.

ஒரு டிசம்பர் முதல் வாரம். பெரியவன் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் காய்ச்சல், சோற்றைப் பார்த்தாலே வாந்தி. நான்காம் நாள் காலை பாத்ரூமிலிருந்து கத்தினான், “அம்மா, உச்சா கோக் கலர்ல வருது.” ஜன்னல் பக்கம் நிறுத்திக் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ, மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் பரவும் ஈரல் வைரஸ்.

“வீட்ல ஆர்.ஓ. இருக்கு டாக்டர்” என்றேன், ஏதோ அநியாயம் நடந்துவிட்ட மாதிரி. அவர் சிரிக்கவில்லை. “பல் எதுல விளக்குறான்? கொத்தமல்லிய எதுல அலசுறீங்க? விளையாடிட்டு வந்து எங்க தண்ணி குடிக்கிறான்?” மூன்றுக்கும் பதில் குழாய்த் தண்ணீர். கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு குழாய் உண்டு. ஷட்டில் ஆடிவிட்டு பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் வாய் வைப்பார்கள்.

வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. மாமியார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். நான் தடுக்கவில்லை, டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போகிறது. நாட்டு மருந்தை நம்பி டாக்டரைப் பார்க்காமல் இருப்பதும், காய்ச்சலுக்குக் கைபோன போக்கில் பாராசிட்டமால் கொடுப்பதும்தான் ஆபத்து. வாந்தி நிற்காமல் போனால், பிள்ளை ஓயாமல் தூங்கினால், பேச்சு குழறினால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அடுத்த இரண்டு வாரத்தில் அபார்ட்மென்டில் இன்னும் நான்கு பேர். எல்லோரும் தெருமுனைப் பானிபூரிக் கடையைத்தான் சொன்னார்கள். அந்த ஆளைத் தெருவை விட்டே துரத்திவிட்டார்கள், பாவம். எனக்கு ஒன்று இடித்தது. அந்தக் கடையில் இரண்டு பிளாக் பிள்ளைகளும்தானே தின்றார்கள்? விழுந்த ஐந்து பேரும் பி பிளாக். ஏ பிளாக்கில் ஒருவர்கூட இல்லை. பிளாக்குக்கு ஒரு சம்ப், தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. எங்களுடையது தனி, அவர்களுடையது தனி. கார் பார்க்கிங் குழாய் எங்கள் சம்ப்பிலிருந்து வருவது. ஏ பிளாக் பிள்ளைகள் அவர்கள் பக்கத்துக் குழாய்க்குப் போய்விடுவார்கள்.

இன்னொன்றையும் அந்த டாக்டர்தான் சொல்லிக் கொடுத்தார். இந்த வைரஸ் உள்ளே போய் நோயாக வெளியே தெரிய பெரும்பாலும் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும். நாமோ நேற்று என்ன தின்றோம், முந்தாநாள் எங்கே போனோம் என்று தேடுகிறோம். சமையலறைக் காலண்டரை எடுத்துப் பின்னோக்கி எண்ணினேன். நவம்பர் பத்தை ஒட்டிய நாட்கள். அந்த வாரம் விடாமல் மழை. பி பிளாக் செப்டிக் டேங்க் மூடி வழியாக வழிந்து, கழிவு வண்டி வர இரண்டு நாள் ஆனது. காலண்டரில் அந்தக் கட்டத்தில் ‘வண்டி 1500’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. எங்கள் பங்கு கொடுத்த கணக்கு.

என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டபோது மூன்று சின்ன பாட்டில் கொடுத்தார். உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு. எச்2எஸ் சோதனை என்பார்கள். 1982ல் நம் நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கியது. கோடு வரை தண்ணீரை ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டியது. மலக்கிருமிகளோடு சேர்ந்து வரும் பாக்டீரியா இருந்தால் ஒன்று இரண்டு நாளில் கறுத்துவிடும்.

பிளாஸ்டரில் எழுதி ஒட்டினேன்: ஃபில்டர், ஏ பிளாக், பி பிளாக். பிரிட்ஜ் மேலே வரிசையாக வைத்தேன். மறுநாள் காலை மூன்றாவது பாட்டிலில் காகிதத்தின் ஓரம் மட்டும் மையிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால், மொத்தமும் முதல் டிகாஷன் கறுப்பு. மற்ற இரண்டும் தெளிந்தபடி. டிடிஎஸ் மீட்டரை எடுத்து அதே பி பிளாக் குழாயில் வைத்தேன். எப்போதும் காட்டும் அதே எண்தான் காட்டியது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. அழுகின முட்டை வாடை வரும் போர் தண்ணீர் கிருமியில்லாமலே கறுக்கலாம். கறுக்காவிட்டால் வைரஸ் இல்லை என்றும் அர்த்தமில்லை. 1955 டிசம்பரில் டெல்லியில் நடந்தது இதற்குச் சாட்சி. யமுனையில் தண்ணீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்துவிட, குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டும் பேதியும் பரவவில்லை. ஆனால் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை. அது ஹெபடைடிஸ் இ என்ற வேறொரு வைரஸ் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், அது உயிரைக் குடிக்கக்கூடியது. எங்கள் மேல்மாடியில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். எங்களுக்கு வந்தது ஏ-தான், ஆனால் அந்தப் பாட்டிலைப் பார்த்த அன்றிரவே அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லிப் போய் நின்றேன்.

அசோசியேஷன் கூட்டத்தில் கறுத்த பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். செயலாளர் சார் முதலில் சொன்னது, “இதை வாட்ஸ்அப்ல போட்ராதீங்கம்மா, பிளாட் விலை போகாது.” முறையான லேப் ரிப்போர்ட் வந்தால்தான் சம்ப்பைக் காலி செய்ய ஒத்துக்கொள்வேன் என்றார். சரி என்றேன். கிருமிப் பரிசோதனைக்குத் தண்ணீரை வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. அவர்களே கொடுக்கும் கிருமிநீக்கிய பாட்டில் வேண்டும். குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. புளோரைடு, நைட்ரேட் போன்றவற்றுக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில் ஒரு லிட்டர் தனியாக. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் அரசு ஆய்வுக்கூடம் இருக்கிறது. மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டி யாரும் கொடுக்கலாம். ரிப்போர்ட் வந்தது. மலத்திலிருந்து வரும் ஈ-கோலை பாக்டீரியா இருக்கிறது, ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 62 மில்லிகிராம்; 45ஐத் தாண்டக் கூடாது. இரண்டும் ஒன்றாக எகிறினால் பக்கத்தில் கழிவு கசிகிறது என்று சந்தேகப்படலாம். புளோரைடு 0.4. எந்தப் பேய்க்குப் பயந்து ஆர்.ஓ. வாங்கினேனோ, அந்தப் பேய் இந்த வீட்டில் இல்லவே இல்லை.

சம்ப்பைக் காலி செய்து, மூடியைப் பாதிநாள் திறந்து காற்றாடப் போட்டுவிட்டு, மேஸ்திரி டார்ச்சோடு இறங்கினார். குழாய் உள்ளே நுழையும் இடத்தில் சிமென்ட் உதிர்ந்திருந்தது. அந்த இடுக்கிலிருந்து ஒரு முழம் நீளத்துக்குக் கறுப்பாக ஒழுகின தடம், நடுவில் வேப்பமரத்து வேர் மீசை மாதிரி எட்டிப் பார்த்தது. அந்தச் சுவருக்கு வெளியே பன்னிரண்டு அடியில் செப்டிக் டேங்க். மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது சம்ப் பாதி காலியாக இருந்தால் வெளித்தண்ணீர் உள்ளே தள்ளும். கோடையில் ஒன்றும் வராது. அதனால்தான் ஆறு வருடம் யாருக்கும் தெரியவில்லை. வேரை வெட்டி, ஓட்டையை அடைத்து, உள்ளே வாட்டர்ப்ரூஃப் பூசி, மூடியைத் தரைமட்டத்திலிருந்து ஒரு அடி உயர்த்தி, செப்டிக் டேங்க்கையும் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பல் விளக்குவது உட்பட எல்லாம் கொதிக்கவைத்த தண்ணீரில். இங்கே காய்ச்சுவதுதான் சரியான மருந்து. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஊரில் கெடுத்த அதே பழக்கம்.

இப்போது வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு சமையலறைத் தராசு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் சம்ப்பில் ஊற்றி, அரைமணி நேரம் விட்டு மோட்டார் போடுவார். பவுடர் புதிதாக இருக்க வேண்டும். திறந்து வைத்த மூட்டையில் குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். மேல்மாடிக் குழாயில் பிடித்து, குளோரின் பார்க்கும் மருந்தை இரண்டு சொட்டு விட்டால் மஞ்சள் வர வேண்டும், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் காட்டும் அளவுக்கு. “குளோரின் வாடை அடிக்குது மேடம்” என்று இரண்டு வீட்டுக்காரர்கள் மாதாமாதம் புகார் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாடை வராத நாள்தான் பயம். ஹெபடைடிஸ் ஏ-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சின்னவளுக்குப் போட்டுவிட்டேன்.

கையில் சோதனை வித்தை வந்ததும் ஊருக்கும் எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் ஊருக்கு ஜப்பான் கடனுதவியில் கட்டின ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013க்குப் பிறகு வந்துவிட்டது. காவிரித் தண்ணீர், புளோரைடு பயமில்லை. ஆனால் எங்கள் தெருவில் தினமும் வராது. அதனால் குடிக்க அது, சமைக்கப் போர். சோறு வடிக்கவும் குழம்பு கூட்டவும் போர் தண்ணீர் ஊற்றினால் புளோரைடு வாய்க்குள்தான் போகிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் அதில் ஒருத்தி என்கூடப் படித்தவள். அவளுடைய சோதனைக் கிட்டில் தண்ணீரை எடுத்து மருந்து விட்டால் இளஞ்சிவப்பாக நிற்க வேண்டும்; புளோரைடு ஏற ஏற மஞ்சளுக்குத் திரும்பும்.

அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஆர்.ஓ.வும் போர்க் குழாயில்தான் மாட்டியிருந்தது. அந்தத் தண்ணீரைச் சோதித்தோம். ஆரஞ்சு. 1.9 என்றது கிட்டோடு வந்த நிற அட்டை. உள்ளே வடிகட்டுகிற மெம்பிரேன் போய்விட்டதோ என்று மூடியைக் கழற்றினால், பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு. டிடிஎஸ் அட்ஜஸ்டர். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று அம்மா சொன்னதற்குச் சர்வீஸ் பையன் அதைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறான். திறந்தால் ருசி வரும், ஏனென்றால் மெம்பிரேனுக்குள் போகாத போர் தண்ணீர் கொஞ்சம் நேரே வந்து கலக்கும். கூடவே புளோரைடும். திருகை மூடி அரைமணி கழித்துப் பிடித்தோம். இளஞ்சிவப்பு. புளோரைடுக்காக ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் முதலில் அந்தத் திருகைத் தேடுங்கள்.

போன மாதம் மறுபடி போனேன். அடுப்பங்கரையில் மூன்று குடம். ஒகேனக்கல் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், மூலையில் மூடி போட்ட ஒரு பித்தளைக் குடம்.

“அது என்னம்மா?”

“பாத்திரம் கழுவ.”

தோழி சொட்டு விட்டாள். மஞ்சள். அம்மா டீ போட எழுந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. டம்ளரை அந்தப் பித்தளைக் குடத்தில்தான் விட்டாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “டீக்கு மட்டும் கண்ணு. அந்த ஒகேனக்கத் தண்ணியில கலரே எறங்க மாட்டேங்குது” என்றாள்.

டீத்தூளிலேயே புளோரைடு உண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு குடத்தைத் தூக்கிக் கொல்லையில் முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது குடம் எங்கே இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தோழிக்கு போன் போட்டுக் கேட்கிறேன்.